பைப் ஆர்கனின் வயிற்றுக்குள்: காற்று, கதவு, குழல்

பழைய ஐரோப்பிய தேவாலயங்களின் படங்களில், சுவரை மறைத்துக்கொண்டு உயரமான உலோகக் குழல்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பைப் ஆர்கன். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று விஷயங்கள் தவறாமல் காதில் விழும். அது ஒரு பெரிய ஆர்மோனியம். புயல் மாதிரி காற்று அடித்தால்தான் அத்தனை பெரிய குழல் ஒலிக்கும். கட்டையை ஓங்கி அழுத்தினால் சத்தம் கூடும். மூன்றுமே தவறு.

ஏன் தவறு என்று தெரிந்துகொள்ள உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். பேச்சுக்குச் சொல்லவில்லை, பெரிய ஆர்கன்களுக்குள் ஆள் நுழையக் கதவும், ஏறிப்போக ஏணியும், குழல்களுக்கு நடுவே நிற்கப் பலகையும் உண்டு. வழி தவறாமல் இருக்கக் காற்றையே பின்தொடர்வோம். அது புறப்படும் இடம் துருத்தி, போய்ச் சேரும் இடம் குழல். நடுவில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. யாரும் படம் எடுக்காத அந்தப் பெட்டிதான் இந்தக் கருவியின் மூளை என்பேன்.

முகப்பு வேறு, கருவி வேறு

முன்னால் தெரியும் குழல்கள் மொத்தத்தில் சின்னப் பங்குதான். அவற்றிலும் சில, இடத்தை நிரப்ப வைத்த பொம்மைக் குழல்கள், ஒலிக்கவே ஒலிக்காது. மீதி ஆயிரக்கணக்கில் பின்னால் இருட்டில் நிற்கின்றன.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புனித யாக்கோபு தேவாலயத்து ஆர்கனின் கதையைக் கேட்டால் இது பளிச்சென்று புரியும். ஆர்ப் ஷ்னிட்கர் என்ற புகழ்பெற்ற ஆர்கன் கட்டுநர் 1693-இல் முடித்தது. 60 குழல்வரிசைகள், ஏறத்தாழ 4,000 குழல்கள். முதல் உலகப் போரில், 1917-இல், வெள்ளீயம் வேண்டும் என்று அதன் முகப்புக் குழல்களைக் கழற்றி உருக்கிவிட்டார்கள். முகம் போனது, ஆனால் குரலில் பெரும்பகுதி உள்ளே பத்திரமாக இருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது இன்னும் ஜாக்கிரதையானார்கள். குழல்களையும் அந்த மரப்பெட்டிகளையும் கழற்றி வேறிடத்தில் வைத்தார்கள். 1944-இல் குண்டுவீச்சில் தேவாலயம் எரிந்து, ஆர்கனின் செதுக்கு வேலை நிறைந்த மரக்கூடும் சாம்பலானது. கழற்றி வைத்தவை தப்பின. அவற்றை வைத்தே கருவியை மீட்டார்கள். முழுமையான புதுப்பிப்பு 1993-இல் முடிந்தது. அவசரத்தில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு விஷயம். பழைய பெரிய ஆர்கன் ஒரே கருவி அல்ல, ஒரே கூட்டுக்குள் குடியிருக்கும் பல ஆர்கன்கள். வாசிப்பவர் முன் இரண்டு, மூன்று, நான்கு என்று கட்டைவரிசைகள் படிப்படியாக இருக்கும். கால்களுக்கும் ஒன்று உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் தனிப் பெட்டி, தனிக் குழல்கள். ஒரு பகுதி தலைக்கு மேலே, ஒன்று நெஞ்சுக்கு நேரே, ஒன்று வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் மாடத்தின் விளிம்பில், காலுக்கான பெரிய குழல்கள் இரு பக்கக் கோபுரங்களில். வட ஜெர்மானிய ஆர்கன்களில் இந்தப் பிரிவினையை வெளியிலிருந்தே முகப்பில் படித்துவிடலாம்.

காற்று: பலம் அல்ல, நிதானம்

இப்போது துருத்திக்கு வருவோம். கொல்லன் உலையில் பார்க்கும் அதே தத்துவம்தான்: இரண்டு பலகை, நடுவே மடிப்பு, மடிப்பின் மூட்டுகளில் தோல். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கொல்லன் துருத்தியை அமுக்கும்போது காற்று வருகிறது. பழைய ஆர்கனில் மிதிப்பவர் காற்றை அமுக்குவதே இல்லை. அவர் ஒரு நெம்புகோலை மிதித்துத் துருத்தியின் மேல்பலகையைத் தூக்கிவிடுகிறார், அவ்வளவுதான். அப்புறம் பலகையின் மேல் வைத்த கல்லோ ஈயக்கட்டியோ தன் பாரத்தால் மெல்ல இறங்கிக் காற்றைத் தள்ளுகிறது. உள்ளே வந்த காற்று வந்த வழியே திரும்பாமல் ஒரு தோல் மடல் அடைத்துக்கொள்ளும். ஒரு துருத்தி இறங்கும்போது இன்னொன்று ஏற்றிவைக்கப்படும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? ஆளுக்கு ஆள் மிதிக்கும் வேகம் மாறும், களைத்தால் குறையும். பாரம் களைப்பதில்லை. குழலின் ஸ்ருதி காற்றழுத்தம் மாறினால் மாறிவிடும் என்பதால், ஆர்கனுக்கு வேண்டியது வலுவான காற்று அல்ல, ஒரே சீரான காற்று. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் க்டெசிபியஸ் முதல் ஆர்கனை வடிவமைத்தபோதே இதைத்தான் யோசித்தார். அவர் கல்லுக்குப் பதில் தண்ணீரின் பாரத்தைப் பயன்படுத்தினார்.

சரி, எவ்வளவு அழுத்தம்? ஆர்கன் காற்றை நீர்மட்டத்தால் அளப்பார்கள். வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீரை வைத்து, காற்று அதை எத்தனை மில்லிமீட்டர் தள்ளுகிறது என்று பார்ப்பது. பல பழைய ஆர்கன்களில் இது 75 மி.மீ. அளவில் இருக்கும். வளிமண்டல அழுத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. நாம் சாதாரணமாகப் பேசும்போது நுரையீரல் கொடுக்கும் அழுத்தமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். முதல் தடவை இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

அப்படியானால் பத்துப் பேர் எதற்கு மிதித்தார்கள்? ஜெர்மனியின் ஹால்பர்ஷ்டாட் பேராலயத்தின் 14-ஆம் நூற்றாண்டு ஆர்கனுக்கு 20 துருத்திகளும் அவற்றை மிதிக்கப் பத்துப் பேரும் இருந்ததாக மிகேல் பிரெட்டோரியஸ் என்ற இசையறிஞர் 17-ஆம் நூற்றாண்டில் எழுதினார். அழுத்தம் வேறு, அளவு வேறு. பெரிய குழலுக்கு அதே மெல்லிய காற்றுதான், ஆனால் வண்டி வண்டியாக வேண்டும். யோஹான் செபாஸ்டியன் பாக் ஒரு புது ஆர்கனைச் சோதிக்கப் போனால், முதலில் எல்லாக் குழல்வரிசைகளையும் திறந்துவிட்டு வாசிப்பாராம்; இதன் நுரையீரல் நன்றாக இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும் என்பாராம். காற்றின் அளவு போதாவிட்டால் அந்த நொடியிலேயே குரல் தொய்ந்துவிடும். கட்டுநர்கள் அந்த நிமிடத்தில் வெளிறிப்போனார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

இதுவரை பார்த்தது: துருத்தியை ஆள் ஏற்றுகிறார், பாரம் இறக்குகிறது. காற்றின் அழுத்தம் நம் பேச்சு மூச்சின் அளவு. தேவைப்படும் கொள்ளளவுதான் பெரிது.

பெட்டி: இரண்டு அனுமதி

துருத்தியிலிருந்து மரத்தாலான காற்றுக்கால்வாய்கள் வழியாகக் காற்று அந்தப் பெட்டிக்கு வருகிறது. இதைக் காற்றுப்பெட்டி என்போம். குழல்கள் அதன் மேல்தான் நிற்கின்றன.

ஒரு சிக்கலை யோசித்துப் பாருங்கள். 50 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் பத்து வகைக் குரல்கள். ஆக 500 குழல்கள். ஒரு குழலுக்கு ஒரு ஸ்வரம், ஒரு குரல்தான் தெரியும்; புல்லாங்குழல் மாதிரி துளைகளை மூடித் திறந்து ஸ்வரம் மாற்ற இங்கே வழியில்லை. இந்த 500-இல் வாசிப்பவர் கேட்கிற குழல் மட்டும் எப்படி ஒலிக்கும்? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மூடியும் கம்பியும் போட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

பழங்காலத் தச்சர்கள் கண்டுபிடித்த விடை, கட்டம் போட்ட தாள். குழல்களை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அடுக்குங்கள். குறுக்கே ஓடும் ஒவ்வொரு வரியும் ஒரு கட்டைக்குச் சொந்தம். நீளமாக ஓடும் ஒவ்வொரு வரியும் ஒரு குரலுக்குச் சொந்தம். இப்போது ஒவ்வொரு குழலும் இரண்டு வரிகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் நிற்கிறது. இரண்டு பக்கமும் அனுமதி கொடுத்தால்தான் அதற்குக் காற்று. தொட்டியின் அடியில் ஒரு திருகும், குளியலறையில் ஒரு திருகும் இருப்பதுபோல. ஒன்றை மட்டும் திறந்தால் தண்ணீர் வராது.

முதல் அனுமதி, கட்டையுடையது. பெட்டியின் அடித்தட்டில் எப்போதும் காற்று நிறைந்திருக்கும். அதற்கு மேல், கட்டைக்கு ஒன்றாக நீளமான மரவாய்க்கால்கள். ஒவ்வொரு வாய்க்காலின் அடியிலும் தோல் ஒட்டிய ஒரு மரமூடி. வில்லும் காற்றழுத்தமும் அதை மூடியபடி பிடித்திருக்கும். கட்டையை அழுத்தினால் மூடி கீழே இறங்கும், காற்று அந்த வாய்க்காலுக்குள் பாயும்.

இரண்டாவது அனுமதி, குரலுடையது. வாய்க்கால்களுக்கு மேலே, ஒவ்வொரு குழல்வரிசைக்கும் அடியில் துளைகள் போட்ட ஒரு நீளமான மரச்சட்டம் கிடக்கிறது. அது கொஞ்சம் நகர்ந்தால் அதன் துளைகளும் மேலும் கீழும் உள்ள பலகைகளின் துளைகளும் நேராகும். திரும்ப நகர்ந்தால் அடைபடும். இந்தச் சட்டத்தை நகர்த்தும் குமிழ்தான் வாசிப்பவரின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும் ஸ்டாப். அந்தக் குமிழ் கட்டுப்படுத்தும் குழல்வரிசையையும் ஸ்டாப் என்றே சொல்வார்கள்.

இது வருவதற்கு முன் இடைக்காலப் பெரிய ஆர்கன்களில் குரல்களைப் பிரிக்கவே முடியாது. ஒரு கட்டையைத் தொட்டால் அதற்குரிய அத்தனை குழல்களும் ஒன்றாகக் கத்தும். மெதுவாக ஒன்று வேண்டும் என்றால் வேறு சின்ன ஆர்கனுக்குப் போக வேண்டியதுதான். துளைபோட்ட ஒரு மரச்சட்டம் வந்து அந்தக் கூச்சலைத் தனித்தனிக் குரல்களாகப் பிரித்தது.

விரலுக்கும் மூடிக்கும் நடுவே

கட்டைவரிசை ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை. காற்றுப்பெட்டி பல மீட்டர் அகலம், அதுவும் எங்கோ மேலே. இரண்டையும் இணைப்பது மெல்லிய மரக்கீற்றுகள். கட்டையை அழுத்தினால் கீற்று இழுபடும்; அது ஒரு கிடைமட்ட உருளையைத் திருப்பும்; உருளையின் மறுமுனை பக்கவாட்டில் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு கீற்றை இழுக்கும்; அது மூடியைத் திறக்கும். மின்சாரம் இல்லை. விரலும் மரமும்தான்.

கட்டையை ஓங்கி அழுத்தினாலும் மூடி திறக்கும், மெல்ல அழுத்தினாலும் திறக்கும். குழலுக்குப் போகும் காற்று மாறாததால் சத்தம் கூடாது. அதற்காக விரலுக்கு வேலையே இல்லை என்று அர்த்தமல்ல: மூடி காற்றழுத்தத்தை விட்டுப் பிரியும் அந்த நொடி விரல்நுனியில் சின்ன முறிவாகத் தெரியும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதில்தான் வாசிப்பவரின் நயம் முழுவதும் இருக்கிறது.

பல கட்டைவரிசைகளை ஒன்றாகப் பூட்டி வாசித்தால் பாரம் கூடி விரல் திணறும். 19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பார்க்கர் என்ற ஆங்கிலேயக் கட்டுநர் இதற்கு ஒரு தந்திரம் செய்தார். கட்டை ஒரு குட்டித் துருத்திக்கு மட்டும் காற்றைத் திறந்துவிடும், மீதிப் பாரத்தை அந்தக் குட்டித் துருத்தி இழுக்கும். பாரிஸ் அருகே சென் தெனியில் கவாயே-கோல் என்ற பிரெஞ்சுக் கட்டுநர் 1841-இல் முடித்த ஆர்கனில் இது இடம்பெற்றது. பாரிஸின் சென் சுல்பிஸ் தேவாலயத்தில் 1862-இல் அவர் முடித்த 100 ஸ்டாப் ஆர்கனும் இந்த உதவியோடுதான் ஓடுகிறது.

சுருக்கமாக: காற்றுப்பெட்டி ஒரு கட்டம். கட்டையும் ஸ்டாப்பும் இரண்டும் சம்மதித்தால்தான் குழல் ஒலிக்கும். சத்தத்தைக் கூட்டுவது இன்னும் அதிகக் குழல்களைச் சேர்ப்பதால், விரலின் பலத்தால் அல்ல.

உதடுள்ள குழல்

இப்போது குழல். உடம்பின் பெயர்களையே அதன் உறுப்புகளுக்கு வைத்திருக்கிறார்கள்: பாதம், வாய், உதடு, சிலவற்றுக்குக் காதும் உண்டு. கூம்பான பாதம் பெட்டியின் துளையில் நிற்கிறது. பாதமும் உடலும் சேரும் இடத்தில் உள்ளே ஒரு தட்டு, கிட்டத்தட்ட முழுவதையும் அடைத்துக்கொண்டு, முன்பக்கம் மட்டும் மெல்லிய கீறலாக இடைவெளி விட்டிருக்கும். காற்று அந்தக் கீறல் வழியாகத் தகடுபோல மேலே வந்து, வாயைத் தாண்டி மேலுதட்டில் மோதுகிறது. மோதிய காற்றுத்தகடு உள்ளேயும் வெளியேயும் மாறிமாறி ஆடுகிறது. குழலுக்குள் இருக்கும் காற்றுத்தூண் அந்த ஆட்டத்தைத் தன் நீளத்துக்கு ஏற்ற வேகத்துக்கு இழுத்துவிடும். சாதாரண விசில் வேலை செய்வதும் இப்படித்தான். உலோகம் அதிர்ந்து மணிபோல ஒலிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாடுவது உள்ளே இருக்கும் காற்று.

உலோகக் குழல் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்தது. உருக்கிய கலவையை நீண்ட மேசைமேல் தகடாக ஊற்றி, வெட்டி, உருளைமேல் சுற்றி, விளிம்புகளைப் பற்றவைப்பார்கள். பளபளக்க வேண்டிய முகப்புக்கு வெள்ளீயம் அதிகம். மரக்குழல்கள் சதுரமான நீள்பெட்டிகள்போல இருக்கும். குழலைச் செய்வது பாதி வேலைதான். பாதத்துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, கீறலைக் கொஞ்சம் நெருக்கி, மேலுதட்டைக் கொஞ்சம் வெட்டி, ஒவ்வொரு குழலையும் பேசப் பழக்க வேண்டும். ஆயிரக்கணக்கான குழல்களுக்கும் ஒவ்வொன்றாக. ஒரு கட்டுநரின் கையெழுத்து இங்கேதான் இருக்கிறது. உதட்டைக் கூடுதலாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்டுவது லேசல்ல.

நீளத்துக்கு வருவோம். கட்டைவரிசையின் மிகக் கீழான கட்டையில், திறந்த குழல் சுமார் எட்டடி நீளம் இருந்தால் அது நொடிக்கு ஏறத்தாழ 65 அதிர்வுகளில் ஒலிக்கும். இரட்டிப்பு நீளம் என்றால் ஒரு ஸ்தாயி கீழே. 32 அடிக் குழல், அதாவது பத்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நொடிக்கு 16 அதிர்வுகள். அதைக் காதைவிட நெஞ்சும் நாற்காலியும் முதலில் உணரும். இடம் போதாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: குழலின் மேல்முனையை அடைத்துவிட்டால் அதே நீளம் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். குரல் கொஞ்சம் குடைவாக, மென்மையாக மாறும். கூரை தாழ்வாக இருந்தால் குழலின் மேல்பகுதியை மடக்கியும் விடுவார்கள்.

நாக்குள்ள குழல்

இரண்டாவது குடும்பத்தில் உதடு இல்லை, நாக்கு உண்டு. பாதத்துக்குள், பக்கவாட்டில் திறந்த ஒரு சின்னப் பித்தளைக் குழாய். அதன்மேல் லேசாக வளைந்த பித்தளை நாக்கு. காற்று வந்தால் நாக்கு அந்தத் திறப்பின் மேல் அடித்து அடித்து மூடித் திறக்கும். நாகஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று அடிக்கும். இங்கே ஒரே இதழ், அடிவாங்குவது குழாய். ஆர்மோனியத்தில் நாக்கு எதன்மேலும் அடிக்காமல் ஒரு சட்டத்துக்குள் சும்மா ஊசலாடும், அதற்கு மேலே குழலும் கிடையாது. ஆர்கனை ஆர்மோனியம் என்று சொல்வது எங்கே இடிக்கிறது என்று இப்போது தெரியும்: நாக்குக் குழல்கள் சிறுபான்மை, அவையும் வேறு ஜாதி.

நாக்கின் எவ்வளவு நீளம் ஆடலாம் என்பதை ஒரு வளைந்த கம்பி அமுக்கித் தீர்மானிக்கும். ஸ்ருதியை அமைப்பது முக்கியமாக அதுதான். மேலே நிற்கும் கூம்புக்குழல் அந்த முரட்டு ஒலிக்கு உருவம் கொடுக்கிறது. அகன்ற கூம்பு எக்காளம்போல முழங்கும். குட்டைக்குழல் மூக்கால் பாடும்.

அடிக்கணக்கும் தம்பூராவும்

ஸ்டாப் குமிழ்களில் 8, 4, 16 என்று எழுதியிருக்கும். அந்த வரிசையின் மிகக் கீழான ஸ்வரத்துக்கு எத்தனை அடிக் குழல் தேவையோ அந்த எண். 8 என்றால் கட்டையில் உள்ள ஸ்ருதியே; 4 என்றால் ஒரு ஸ்தாயி மேலே; 16 என்றால் ஒரு ஸ்தாயி கீழே.

ஆனால் 2⅔, 1⅗ என்றும் எழுதியிருக்குமே? எட்டை மூன்றால் வகுத்துப் பாருங்கள், 2⅔. ஐந்தால் வகுத்தால் 1⅗. தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டினால் அதற்குள்ளிருந்து பஞ்சமமும், கூர்ந்து கேட்டால் அந்தர காந்தாரமும் தானாக எழும் அல்லவா? மூன்றாவது, ஐந்தாவது இயற்கைச் சுரங்கள் அவை. ஆர்கன் கட்டுநர்கள் அவற்றுக்குத் தனிக் குழல்களையே வைத்துவிட்டார்கள். 2⅔ வரிசை மேல்ஸ்தாயிப் பஞ்சமத்தையும், 1⅗ வரிசை அதற்கும் மேலே காந்தாரத்தையும் பாடும். இவற்றை எட்டடி வரிசையோடு சேர்த்தால் காது தனித்தனியாகக் கேட்காது. ஒரே ஸ்வரம், புது நிறம்.

இதை இன்னும் நீட்டினால் மிக்ஸ்சர். ஒரே ஸ்டாப்புக்கு ஒவ்வொரு கட்டையிலும் நான்கு, ஐந்து, ஆறு சின்னக் குழல்கள், உயர்ந்த ஷட்ஜங்களும் பஞ்சமங்களுமாக. முழு ஆர்கனின் அந்த வெள்ளிப் பளபளப்பு இதிலிருந்துதான் வருகிறது. கட்டைவரிசையில் மேலே போகப் போகக் குழல்கள் செய்யவே முடியாத அளவு சிறுத்துவிடும் என்பதால், மிக்ஸ்சர் அங்கங்கே சத்தமில்லாமல் கீழே குதித்துத் தொடரும். 60 ஸ்டாப் ஆர்கனில் 4,000 குழல்கள் வந்த கணக்கும் இதுதான். 60-ஐ 50-ஆல் பெருக்கினால் 3,000. மீதியில் பெரும்பங்கு மிக்ஸ்சர்களுடையது.

குளிரும் வெயிலும்

காற்று சூடானால் அதில் ஒலியின் வேகம் கூடும். உதட்டுக் குழல்களின் ஸ்ருதி ஏறும். பத்து டிகிரி வித்தியாசத்தில் ஓர் அரைஸ்வரத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். நாக்குக் குழல்கள் அந்த அளவுக்கு ஏறுவதில்லை, ஏனென்றால் அவற்றின் ஸ்ருதி பித்தளை நாக்கின் கையில். ஆக, குளிர்காலத்தில் பொருந்தியிருந்த இரண்டு குடும்பங்களும் கோடையில் பொருந்தாமல் போகும்.

உதட்டுக் குழலின் ஸ்ருதியைத் திருத்த, பழைய முறையில், கூம்பான ஒரு பித்தளைக் கருவியால் அதன் மேல்விளிம்பைக் கொஞ்சம் விரிப்பார்கள் அல்லது குவிப்பார்கள். மெல்லிய ஈயக்கலவை, அடிக்கடி செய்தால் விளிம்பு கிழிந்துவிடும், குழல் குட்டையாகிவிடும். நாக்குக் குழலிலோ கம்பியை ஒரு தட்டு தட்டினால் போதும். எனவே ஸ்ருதி சேர்ப்பவர் ஏணியில் ஏறி, கீழே ஒருவர் கட்டையை அழுத்திக்கொண்டிருக்க, இடம் மாறிப்போன ஆயிரக்கணக்கான உதட்டுக் குழல்களை அப்படியே விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே நின்ற சில நூறு நாக்குக் குழல்களைத் தட்டித் தட்டி அவற்றின் பக்கம் நகர்த்துகிறார்.